பகலில் உறங்குபவளின் கணக்கு

ஏசி எத்தனை பீரியூ என்று கேட்டுத்தான்
எந்த வீட்டிலும் தொடங்குவேன்.
கல்லடியில், கடலுக்கு மூன்று ஒழுங்கை உள்ளே,
ஜெயவதனி மிஸ்ஸி வீட்டிலும் அப்படித்தான்.

"பன்னிரண்டாயிரம். அறை பத்துக்குப் பன்னிரண்டு.
மேல சீற்று."

ஆனி மாதம்.
வயலெல்லாம் நக்கிவிட்டு வந்த கச்சான்
கொடியில் போட்ட வெள்ளைச் சீருடையை
ஐந்து நிமிடத்தில் அப்பளமாக்கியிருந்தது.

கொப்பியை விரித்துச் சொன்னேன்:
இன்வேட்டர் என்பது தொண்டை, மிஸ்ஸி.
ஒரே மிடறில் எவ்வளவு இறங்கும் என்பதுதான் அதன் அளவு.
உங்கள் தண்ணி மோட்டர் ஒரு குதிரைதான்,
எழும்பும்போது மட்டும் நாலு குதிரையாய் உதைக்கும்.
ஏசி ஓடுகிற நேரம் அதுவும் உதைத்தால்
மூன்று கிலோவாட் விக்கி நின்றுவிடும்.
ஐந்து போடுவோம்.
பற்றரி வயிறு.
காசைத் தின்பது அதுதான்.

அப்போது கட்டாரிலிருந்து புவிதரன், போன் திரையில்.
"தம்பி, ராவு பத்திலிருந்து காலமை ஆறுமட்டும்
ஏசி நிக்கப்படாது. ரெண்டு பற்றரி போடு."

போட்டுப் பார்த்தேன்.
எட்டு மணித்தியாலம், சராசரி எழுநூறு வாட்,
ஐந்தரை யூனிட்டுக்குச் சற்று மேலே.
பிரிட்ஜ், பேன், வாசல் விளக்கு: ஏழு.
பற்றரி ஒன்றில் ஐந்து என்று எழுதியிருக்கும்,
சட்டியை அடிவரை வழிக்கக் கூடாது, நாலுதான் நம்முடையது.
ஆக இரண்டு.
அண்ணன் சொன்னது சரி.
கோடும் இழுத்துவிட்டேன்.

"அந்தக் கணக்கில
ஆர் தம்பி படுக்கிற?"

நிமிர்ந்தேன்.

"எனக்குக் கூடுதலா நைட் டியூட்டி.
காலமை எட்டரைக்கு வந்து, குளிச்சி,
ஒம்பதுக்குச் சாய்ஞ்சா நாலுக்குத்தான் எழும்புற.
ராவில இந்த வீட்டில
பிரிட்ஜ் மட்டும்தான் முழிச்சிருக்கும்."

ஒன்பதிலிருந்து நாலு.
சூரியனின் வேலை நேரமும் அதுதானே.
தகட்டிலிருந்து நேரே அறைக்குப் போகும்,
முகில் கடக்கிற நேரம் மட்டும்
பற்றரி ஒரு கை கொடுத்தால் போதும்.
ஒன்றே மிச்சம்.
தொண்ணூறு வீட்டுக்குப் பூட்டியிருக்கிறேன்;
எல்லோரையும் இரவில் படுக்கவைத்தே
கணக்குப் பார்த்தேன்.

திரையில் புவிதரனுக்குப் பின்னால்
மேல்கட்டிலில் யாரோ போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்.
அங்கே ஏசி இரைவது இங்கே கேட்டது.
"அப்ப," என்றார், "நான் வாற மாசம்?"

ஆவணியில் முப்பது நாள்.
யாரும் பேசவில்லை.

"மற்றப் பற்றரி எவ்வளவு தம்பி?"
"மூன்றே முக்கால் லட்சம்."
வாய்க்குள்ளே வகுத்தார், மருந்துச் சீட்டு வகுக்கிறவர்.
"ஒரு ராவுக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு.
மறுகா என்னத்துக்கு,
பாசிக்குடாவில ரூம் எடுத்துப் படுக்கலாமே!"

சிரிப்பு கட்டாருக்குப் போய்ச் சேர
இரண்டு விநாடி எடுத்தது.
திரும்பி வந்தபோது
மேல்கட்டில்காரரும் போர்வை விலக்கிப் பார்த்தார்.

ஆனாலும் அண்ணன் வைத்த பிறகு
மிஸ்ஸி மெல்லச் சொன்னார்:
"வயர மட்டும் ரெண்டுக்குக் காணக்கூடியதா இழு."

எட்டுத் தகடு, ஒரு பற்றரி,
உப்புக்காற்று தின்னாத ஆணிகள்.
மூன்றாம் நாள் காலை எல்லாம் கொடுத்தாயிற்று.
எட்டரைக்கு மிஸ்ஸி வந்தார், கண் சிவந்து.
ஒன்பதுக்குக் கதவு சாத்தியது.
வெளியே கம்பிரஸர் ஒருமுறை கனைத்து
ஓட்டத்தைப் பிடித்தது.
மீற்றரில் ஆயிரம், பிறகு எண்ணூறு,
பிறகு அறுநூற்று நாற்பதில் அமர்ந்தது.
பற்றரியில் இருந்து ஒரு சொட்டும் போகவில்லை.

பற்றரிக்குப் பக்கத்தில் இரண்டடிச் சுவர் வெறுமை.
இன்னொரு தாங்கிக்கு நான்கு துளை
பென்சிலால் குறித்திருந்தேன்.
நப்றீஸ் டிறிலைத் தூக்கினான்.

பிளக்கைக் கழற்றினேன்.
"இப்ப வேணாம்.
நாலு மணிக்குப் புறகு போடுவம்."