மூன்றாம் காவலன்

மின்விசிறியை நிறுத்தியாயிற்று.
ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கியாயிற்று;
உள்ளே நேற்றைய சங்கராக் குழம்பு
வேர்க்கத் தொடங்கியிருக்கும்.
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே
இரண்டு ரஜாய் தொங்கினால்
அதுதான் என் ஆபீஸ்,
மஞ்சக்குப்பத்தில், மே மாதத்தில்.

ஹெட்போனில் ஹைதராபாத்திலிருந்து ஷ்ரவண்:
"ஜெசிந்தா மேடம், இன்னைக்குச் சாவு மட்டும்தான்."
பட்டியல் முன்பே வந்திருந்தது.
அம்பு பட்டு, ஆறு.
நெருப்பில் நான்கு, ஒன்று நீளமாக.
கோட்டையிலிருந்து விழுந்து, இரண்டு;
தரை தொடும் முன்பே குரல் அறுந்துவிட வேண்டும்.
கழுத்து நெரிபட்டு, ஒன்று:
சத்தமில்லாமல், ஆனால் கேட்கும்படி.

பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

அதில் பதினொன்று, கார்ட்டூனில் அணில் பையன்.
சேனலை மூடினார்கள். அணிலுக்கு வயதே ஏறவில்லை,
எனக்குத் தைராய்டு வந்தது.
இன்றும் கேஸ் ஏஜென்சிக்குப் போன் போட்டால்
"தம்பி, அம்மாகிட்ட குடுப்பா" என்பார்கள்.
ஒருமுறை கொடுத்தேன்:
இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி
சூனியக்காரி குரலில் "சொல்லுங்க" என்றேன்.
சிலிண்டர் அன்று சாயங்காலமே வந்தது.

நெருப்பு இரண்டாவது டேக்கில்
எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா கதவைத் தட்டினார்,
கையில் ஒரு வாளித் தண்ணீர்.
நெருப்பு மூன்றில் மீன்வண்டி ஒலிபெருக்கி,
வஞ்சிரம், பாறை, நெத்திலி.
ஷ்ரவண் பெருமூச்சு விட்டார்:
"உங்க ஊர்ல எப்ப மேடம் சத்தமே இருக்காது?"
"புயலுக்கு மறுநாள்."
சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எல்லாச் சாவும் முடிந்த பிறகு
"ஒண்ணு விட்டுப்போச்சு. காவலன் சும்மா நிக்கும்போது
ஏதாவது முணுமுணுக்கணும். யாரும் எழுதலை.
நீங்களே ஒரு வரி சொல்லுங்களேன்."
பனி மலை, கற்கோட்டை, தோல் கவசம்.
வாயில் வந்ததைச் சொன்னேன்:
"கெடிலத்துல தண்ணி வந்துடுச்சாமே... போய்ப் பாக்கணும்."
அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது.
ஓகே ஆனது.

ஐப்பசியில் விளையாட்டு வெளிவந்தது.
மாடி வீட்டுத் துஷ்யந்த், இரண்டு அரியர் பாக்கி,
இரவு பத்துக்கு மேல் என்னைக் கொல்லத் தொடங்குவான்.
கீழே நான் சப்பாத்திக்கு மாவு பிசைவேன்.
கூரை வழியாக வரும்: அம்பு இரண்டு.
அம்பு ஐந்து.
நெருப்பு, அந்த நீளமானது.
சாவுக்கு எண்பது ரூபாய், ஒரே ஒரு தடவை.
அப்புறம் எத்தனை முறை செத்தாலும் இலவசம்.
காலையில் படியில் பார்த்தால்
"அக்கா, மோட்டார் போடட்டுமா?" என்பான்,
அவ்வளவு மரியாதையாக.

நேற்று அம்பு வரவில்லை.
தூணுக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறான் போல.
நாற்பது நொடி யாரும் எதுவும் செய்யாமல் இருந்தால்தான்
காவலன் வாய் திறப்பான்.
மாவுக் கையோடு நின்றேன்.
மழை தூறலாக இருந்தது, பஸ்ஸ்டாண்டு பக்கம் ஒரே ஹாரன்.

"கெடிலத்துல தண்ணி வந்துடுச்சாமே..."

மேலே நாற்காலி கிறீச்சிட்டது.
"டேய்!" என்று யாருமில்லாத அறையில் கத்தினான்.
"அம்மா, இங்க வந்து கேளேன்!"
செருப்புச் சத்தம். கதவு.
மறுபடி நாற்பது நொடி, மூவருமாகக் காத்திருந்தோம்.
மறுபடி சொன்னான் காவலன்.
அம்மா சிரித்தார். "நம்ம ஊர்க்காரன்டா" என்றார்.

மூன்றாம் தடவை
"போய்ப் பா"
வரைக்கும்தான் வந்தது.
அம்பு நான்கு.

நல்ல டேக்தான்.
இப்போது கேட்டால்
கொஞ்சம் அவசரப்பட்டு விழுந்துவிட்டேனோ என்றிருக்கிறது.
இன்னும் அரை நொடி நின்றிருக்கலாம்.