கட்டுக்கு இருபத்தைந்து

பதினேழு வரைக்கும் தடையில்லாமல் வருவான்.
பதினெட்டில் நின்று
என் முகத்தைப் பார்ப்பான்.
பிறகு ஒன்றிலிருந்து.

மூத்தவள் உலகம்மாள் நாலு வயதிலேயே
சுளகு ஓரம் குந்தி
இருபத்தைந்து எண்ணி நூல் சுற்றுவாள்.
பீடிக் கடையில் கணக்கப்பிள்ளை
பிரித்துப் பிரித்துப் பார்ப்பான், ஒன்று குறைந்ததில்லை.
அப்போது அவளுடைய அப்பா
டவுனில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

சங்கிலி வயிற்றில் மூன்று மாதம்.
பேட்டையைத் தாண்டி முள்காட்டுக்குள்ளே
ஒரு தகரக் கொட்டகையில் ஆள் கேட்டார்கள்.
செத்த பேட்டரியை உடைக்கணும்,
உள்தட்டை உருக்கணும், பாளம் வார்க்கணும்.
மூட்டைக் கூலியைப் போல ஒன்றரைப் பங்கு.
முன்பணம் நாற்பதாயிரம்.
வாங்கின வாரமே கூரைக்கு ஓடு மாற்றினோம்.

அவர் சட்டையைக் கால்வாயில் கசக்கினால்
தண்ணீர் பென்சில் நிறத்தில் போகும்.
எனக்குத் தூசி புதிதா?
புகையிலைத் தூள் என்றால் தும்மல் வரும், நெஞ்சு கமறும்.
இதற்கு வாசனைகூட இல்லை.

நல்ல அப்பா என்று தெருவே சொல்லும்.
காலைக் கழுவுமுன்னே பிள்ளையைத் தூக்கிவிடுவார்.
அவன் தோளில் கிடந்து
சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டே தூங்குவான்.
‘இனிக்கி’ என்றான் ஒருநாள்.
வேர்வையிலே என்னலே இனிப்பு என்று
சிரித்தோம், மூன்று பேரும்.

ஒன்றாம் வகுப்பு எஸ்தர் டீச்சர்
நோட்டைத் திருப்பித் தந்தாள்.
‘தலையில ஏற மாட்டுக்கும்மா.’
களிமண் என்றான் என் தம்பி.
வல்லாரை அரைத்துக் கொடுத்தேன்,
கயிறு மந்திரித்துக் கட்டினேன்,
ஒருநாள் விசிறிக் காம்பால் அடித்தேன்.
அந்த அடியை எங்கே கொண்டுபோய் வைப்பேன்.

வயிற்றுவலி என்றுதான் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது.
பயிற்சிக்கு வந்த சின்ன டாக்டர்
நாக்கைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள்,
பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்:
‘வீட்டுக்காரருக்கு என்ன வேலை?’

ரத்தம் சென்னைக்குப் போய்த் திரும்பப் பதினாறு நாள்.
‘காரீயம்’ என்றாள்.
‘உடம்பு அதைச் சுண்ணாம்புச்சத்துன்னு நம்பிரும்மா.
எலும்புல இடம் கொடுக்கும்.
வளருத மூளைக்குள்ளயும் விட்டுரும்.’
பால், முட்டை, கீரை;
தரையை ஈரத்துணியால் துடை; எழுதித் தந்தாள்.
இறங்குமா என்றேன்.
‘ரத்தத்துல இறங்கும்.’
‘மண்டையில?’
பதினெட்டுக்கு வந்த மாதிரி நின்று
என் முகத்தைப் பார்த்தாள்.

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல என்பார்கள்.
அப்படியெல்லாம் இல்லை.
சுடாமல், சத்தம் போடாமல்,
சட்டை மடிப்பில், அப்பன் கொடுத்த முத்தத்தில்
அது எங்கள் வீட்டுக்கு
நடந்து வந்திருக்கிறது.

முதலாளி ஒரு டஜன் சோப்பு கொடுத்தனுப்பினார்.
முன்பணம் இன்னும் தீரவில்லை.
இப்போது இவர் அங்கேயே குளித்துவிட்டு வருகிறார்.
அப்படியும், வாசலில் பிள்ளை ஓடிவந்தால்
இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொள்கிறார்,
போலீஸ் மடக்கின ஆள் மாதிரி.
விளையாட்டென்று அவனும் தூக்குகிறான்.
இரண்டு பேரும் அப்படியே நிற்கிறார்கள்.
நான் சுளகைப் பார்த்துக்கொள்கிறேன்.

எங்கேயோ ஒரு ஊரில்
சாவியைத் திருப்பினதும் வண்டி கிளம்பும்.
அந்தப் பெட்டிக்குள்ளே இருக்கும்
என் பிள்ளையின் பதினெட்டும் பத்தொன்பதும்.

நேற்றுச் சங்கிலி தானாகவே ஒரு கட்டு கட்டினான்.
முடிச்சு, அக்காளுடையதைவிட நேர்த்தி.
நான் பிரிக்கவில்லை.
மற்றதோடு சேர்த்துக் கொடுத்தேன்.
கணக்கப்பிள்ளை எண்ணினான்.
‘எட்டு குறையுதே.’

தெரியும் என்றேன்.