நிகர எடை

சுங்காய் செம்பனை ஆலையில்
லாரி நிறுப்பது என் வேலை.
குலையோடு வரும்போது ஓர் எடை
கொட்டிவிட்டுப் போகும்போது ஓர் எடை
குறைந்ததற்குத்தான் காசு.
பதினாறு வருஷமாய் இதே கழித்தல்.

மார்ச் மாதக் கூட்டை
நூற்றெண்பது வெள்ளி தள்ளி எடுத்தேன்.
கையில் இரண்டாயிரத்துச் சொச்சம்.
சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது.
"ஐஸ்பெட்டிக் கதவு கயிற்றில்தான் நிற்கிறது"
என்றார் குமரேசன், யாரையும் பார்க்காமல்.
மகள் ஒன்றும் கேட்கவில்லை.
பிய்ந்த காலணியை மட்டும்
வாசலில் தெரிகிற மாதிரி வைத்தாள்.

சனிக்கிழமை ஆறு மணி பஸ். ஈப்போ.
இரும்புக் கடைக்கு மேல்மாடியில் பாய்லர் வகுப்பு.
"மகன் பேரை இங்கே எழுதுங்கள், காக்."
எனக்கு மகன் இல்லை.
புஷ்பலீலா, வயது நாற்பத்தொன்று, என்று எழுதிவிட்டு
முப்பத்தேழு ஐம்பது வெள்ளித் தாள்களை எண்ணினேன்.
கடைசித் தாளை விரல் விடவில்லை.
அந்தப் பையன்தான் மெல்ல இழுத்துக்கொண்டான்.

பதினெட்டுப் பேரில் பெண் நான் ஒருத்தி.
பக்கத்தில் அஸ்ருல், மகளைவிட இரண்டு வயசு மூப்பு,
என் அழிப்பானைக் கேட்காமலே எடுப்பான்.
முதல் பாடம்:
வற்றிக் காய்ந்த பாய்லருக்குள்
சட்டென்று தண்ணீர் விடாதே,
வெடிக்கும்.
அடியில் இரண்டு கோடு போட்டேன்.

ஜூனில் எழுதினேன். தோற்றேன்.
மறுபடி எழுத நூற்றிருபது.
தோடு அடகுக்குப் போனது.
திருகாணி கழன்றுவிட்டது என்று வீட்டில் சொன்னேன்.
அவர் காதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
அன்றிரவு ஐஸ்பெட்டிக்குப் புதுக் கயிறு கட்டினார்.
முடிச்சை இறுக்கிக்கொண்டே,
விரித்துக் கிடந்த என் புத்தகத்தை எட்டிப் பார்த்து,
"தண்ணி எதுவரைக்கும் நிக்கணும்?"
"கண்ணாடியில் பாதி."
"ம்" என்றார்.
இன்னொரு முடிச்சும் போட்டார்.

முடிவு இன்னும் வரவில்லை.

நேற்று இரவு ஷிப்ட். லாரி இல்லாத நேரம்.
நிறுவை மேடையில் நானே ஏறி நின்றேன்.
அந்த எந்திரம் இருபது இருபதாய்த்தான் எண்ணும்.
ஐம்பத்தெட்டுக்கு மேல் நான் போனதில்லை.
சிவப்பு எழுத்தில் அறுபது என்றது.
திருத்தப் போகவில்லை.
காலிச் சீட்டொன்றில்
வண்டி எண் என்ற இடத்தில் என் பெயர்,
முதல் எடை: அறுபது.
இரண்டாம் எடைக்கான கட்டத்தில்
பேனாவை வைத்தேன்.
வாசலில் ஹார்ன் அடித்தது,
சீட்டை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு
தடுப்புக் கம்பியைத் தூக்கினேன்.