மேடு தட்டுப்பட்டால்

பெட்டியைக் கத்தியால் கீறாதே என்று
நானே எனக்குச் சொன்னேன்.
எட்டு வருடப் பழக்கம்,
எதையும் ஓரத்திலிருந்துதான் திறப்பது.
ஒட்டியிருந்த ரேப்பை நகத்தால் உரித்து
ரெஜிபோமை ஒரு பக்கம் வைத்து
கீபோட்டைத் தூக்கினேன்.
பாரமில்லை.
இவ்வளவு பத்திரமாய்த் தூக்கிய ஒன்று
இவ்வளவு பாரமில்லாமல் இருந்ததில்லை.

மாங்குளம் அலுவலகத்தில்
முழங்கால் தேய்ந்தவர்களுக்குக் கிடைக்கிற கதிரை இது.
சுபத்திரா பிள்ளைப்பேற்று லீவில் போக
களத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.
"குந்தத்தானே ஏலாது, இருக்கலாம்தானே" என்றார் சுப்பர்வைசர்.
இருக்கலாம்.
ஆனால் இருக்கவும் ஒரு முறை இருக்கிறது.

பாதம் இரண்டும் முழுதாய் ஊன்ற வேண்டும்.
என் கால் கட்டை, நிலம் எட்டவில்லை.
பழைய பைல் நாலை அடுக்கி மிதிபலகை ஆக்கினேன்.
(வேலை முடித்துக் கையளித்த காணிகளின் பைல்கள்.
பயமில்லாமல் மிதிக்கலாம்.)
முழங்கை மேசை மட்டத்தில்.
தோள் காதுக்கு ஏறக்கூடாது.
பிரணவரூபன் வந்து
கீபோட்டின் பின்கால் இரண்டையும் விரித்துவிட்டான்.
"அப்பதான் அக்கா எழுத்து வடிவாத் தெரியும்."
அவன் போனதும் மடித்தேன்.
சரிவில் வேலை செய்தால்
மணிக்கட்டுத்தான் கடைசியில் கடன் கட்டும்.
அதை மண்ணில் படித்தேன்.

வயரைச் சுவரோரமாய்க் கொண்டுபோய்
மேசைக்காலில் சுற்றிக் கட்டினேன்.
ஆட்கள் நடக்கும் இடத்தில் குறுக்கே
ஒரு கம்பி கிடக்க
நான் எப்படி விடுவேன்?

பிளேன்ரீக் கோப்பைக்கு ஒரு முழம் தள்ளி இடம்.
அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு ரேப் ஒட்டினேன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
அடுத்த நாள் கணக்குப்பிள்ளையின் கீபோட் தேநீர் குடித்தது.
ரேப் இன்னும் இருக்கா என்று வந்து கேட்டார்.

பாண்துகள் விழுந்தால்
வயரைக் கழற்றி, கவிழ்த்து, மெல்லத் தட்டவேண்டும்.
கம்பியால் குத்தக்கூடாது.
யாருக்குச் சொல்கிறேன்?
முப்பது பாகைச் சரிவில் கம்பியால் குத்திக் குத்தி
பிள்ளையைப் படிப்பித்தவள் நான்.

களத்தில் ஐம்பது நிமிடத்துக்கு ஒரு விசில்.
கவசத்தைக் கழற்று, தண்ணீர் குடி, மரத்தடிக்குப் போ.
இங்கே விசில் ஊத ஆளில்லை.
முதல் நாள் மூன்று மணித்தியாலம் எழும்பவேயில்லை.
அன்றிரவு சின்னவிரல் விறைத்து
புட்டுக்கு மா குழைக்க ஏலாமல் போக
மகன் குழைத்தான்,
உப்பைக் கொட்டி.
இப்போது போனில் விசில் சத்தம் வைத்திருக்கிறேன்.
அது ஊதினால் கையை உதறி
யன்னலுக்கு வெளியே தூரத்துப் பாலைமரத்தை
இருபது எண்ணும்வரை பார்ப்பேன்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும்.

கீழே பாராமல் அடிக்கப் பழகும்போது
இரண்டு சுட்டுவிரலிலும் ஏதோ தட்டுப்பட்டது.
இரண்டு கட்டையில் மட்டும்
அரிசி நுனியளவு மேடு.
கை தானாய் விலகியது.
முதுகு குளிர்ந்தது.
எட்டு வருடமாய் ஒரே பாடம்:
மேடு தட்டுப்பட்டால் கையை எடு,
அசையாதே, ஆளைக் கூப்பிடு.

கூப்பிட்டேன்.
பிரணவரூபன் வந்து குனிந்து பார்த்தான்.
சிரிக்கவில்லை.
"அக்கா, அது கண்டுபிடிக்கத்தான்.
மேடு தட்டுப்பட்டால் கையை அங்கே வையுங்கோ.
அதுதான் விரல்களுக்கு வீடு."

வைத்தேன்.
பாமினியில் இடது மேடு க.
வலது மேடு த.
நடுவே ஓர் இணைக்கொம்பைப் போட்டுப் பார்த்தேன்.

கதை

என்று திரையில் நின்றது.
சொல்லுகிற கதையா,
வாய் திறந்து கதை என்கிற கதையா,
அது சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அழித்துவிட்டு
இன்றைய அறிக்கையைத் தொடங்கினேன்.
துப்புரவாக்கியது நாற்பத்தொரு சதுரமீற்றர்.
கண்டெடுத்தது ஒன்று.
கண்டெடுத்தவர் என்ற இடத்தில்
வசந்தமலரின் பெயரைப் பாராமல் அடிக்கும்போது,
பாதிப் பெயரில்,
விசில் ஊதியது.