கடைசியாகக் கண்ட இடம்

சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்னால்
உர மூட்டை இறக்கும் ஷெட்டில் வகுப்பு,
இடவப்பாதி மழைக்கு ஒன்பது நாள் முன்பு.
மலை ஏற்றிவிடும் வழிகாட்டிகள் பதினாலு பேர்.
விசில் ஒன்று.

ஜிஷ்மா கட்டப்பனைக்காரி, வயசு இருபத்தாறு.
நாலு குளிர்காலம் இமயத்தில் இருந்து
பனி சரிந்தால் என்ன செய்வதென்று
சறுக்க வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள்.
"பனி வேறெ, மண்ணு வேறெ" என்றாள் முதலில்,
"சரிவு மட்டும் ஒண்ணுதான்."
போனில் வெள்ளை மலையைக் காட்டினாள்.
இசக்கிராஜ் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"இதுல ஏலம் வருமா?"

ஊற்று திடுமெனக் கலங்கினால்.
நேற்று நேராக நின்ற சில்வர் ஓக் இன்று சாய்ந்தால்.
சாத்திய கதவு திறக்க மறுத்தால்.
"எங்க வீட்டுக் கதவு போன மழையிலருந்தே அப்படித்தான்"
என்றாள் பேச்சிக்கனி.
சிரிக்கத் தொடங்கியவர்கள் முடிக்கவில்லை.
ஜிஷ்மா நோட்டில்
லயத்தின் நம்பரைக் குறித்துக்கொண்டாள்.

புதைந்த ஆளாக என்னைத் தேர்ந்தார்கள்.
எடை குறைவு, தோண்ட லேசு.
மேலே நீலத் தார்ப்பாய், அதற்கும் மேலே
ஈரச் சருகு அடைத்த கொழுந்துச் சாக்குகள்.
"மிண்டக் கூடாது. நீ மூடிப்போனவள்."

இருட்டுக்கு யூரியா வாசனை.
பதினாலில் ஒன்று போக
மீதிப் பேரும் ஒரே மூச்சில் என் பெயரைக் கத்தினார்கள்.
நான் வாய் திறந்திருந்தாலும்
ஒருவருக்கும் கேட்டிருக்காது.
விசில்.
"கத்தியாச்சில்லே? இனி ஒரு நிமிஷம் காது மட்டும்."
அந்த நிமிஷத்தில் தகரக் கூரை சூட்டில் முனகியது.
யாருக்கோ வயிறு இரைந்தது.
என் மூச்சு
அடுத்தவர் மூச்சுபோல எனக்கே கேட்டது.

பிறகு மூங்கில் கழி.
அடிக்கொரு குத்து, வரிசை பிசகாமல்.
முழங்காலைத் தாண்டிப் போய்த் திரும்பி
இடுப்பில் வந்து நின்றது.
"மெத்துன்னு இருக்கு!"
பதினோரு நிமிஷம்.
பனியென்றால் இழுத்துப் பறித்து மூச்சு இருக்கலாம் என்றாள்.
மண்ணென்றால்?
தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக் கொடுத்தாள்.

தேடல் எங்கே தொடங்கும் தெரியுமா?
ஆளைக் கடைசியாகக் கண்ட இடத்தில்.
அங்கிருந்து கீழ்நோக்கி.
அதனால் சரிவை ஒருவர் ஒருவராகக் கடக்கணும்.
நிற்கிறவர்கள் கண்ணை எடுக்கக் கூடாது.
போன் கூடாது. செருப்பு வாரைச் சரிசெய்யக் கூடாது.
என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறாள், பார்த்துவைக்கணும்.

ஆறு மணிக்கு லயம் நோக்கி மூன்று பேர்.
மருந்துக்கடை வளைவுக்கு மேலே
போன ஆடி மழை உரித்துவிட்ட செம்மண் பொட்டல்,
நாற்பது தப்படி.
சீட்டுப் பணத்துக்குச் சண்டை போட்டபடி
தினமும் ஒன்றாகவே கடப்போம்.
அன்று எஸ்தர் மட்டும் இறங்கினாள்.
நாங்கள் நின்றோம், கல்லுப் பிள்ளையார் மாதிரி.
கொச்சிக் கார் ஒன்று ஹாரன் அடித்து,
கண்ணாடி இறக்கி, எதைப் பார்க்கிறோமென்று தேடி,
ஒன்றுமில்லையென்று போனது.

என் முறை.
இருபத்திரண்டு வருஷமாய்
அடுத்தவர்களுக்குக் காட்சி காட்டி நடந்தவள் நான்.
விரல் நீட்டிய பக்கம் பார்ப்பார்கள், விரலைப் பார்த்ததில்லை.
இப்போது முதுகில் பேச்சிக்கனியின் கண்,
முகத்தில் எஸ்தரின் கண்.
நடை விறைத்தது.
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
பாதியில் ஒரு கல் உருண்டது,
நெல்லிக்காய் அளவுதான்.
அது ஓடி ஓடி
தேயிலைத் தூரில் முட்டி அடங்கும்வரை
மூன்று பேரும் பார்த்தோம்.

அக்கரை சேர்ந்து திரும்பினேன்.
பேச்சிக்கனி இன்னும் அந்தப் பக்கம்.
மஞ்சள் செருப்பு.
தலையில் பச்சைத் துண்டு, ஓரத்தில் தீய்ந்த கறை.
இறங்கு என்று
கை காட்டினேன்.