அரை டிகிரி

உம்முல் குவைன் கழிமுகம். ஜனவரி ஞாயிறு.
அலையாத்தி வேர்களுக்குள் தண்ணீர்
இன்னும் புரண்டு படுக்கவில்லை.
பத்து மணிக்கு வடமேற்குக் காற்று வரும்,
அதற்குள் முடிக்க வேண்டும்.

பிக்கப்பின் பின்கதவுதான் மேசை.
பழைய லுங்கியை விரித்துப் படகைக் கிடத்துகிறேன்
மல்லாக்க, இரட்டை வயிறும் தெரிய.
பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, என்கிறான் மொனிருல்.
கட்டமரான்.
அது எங்கள் சொல். கட்டிய மரம்.
குனிந்து தட்டிப் பார்க்கிறான். மரம் எங்கே?
இல்லை.
கட்டு?
அதுவும் இல்லை. கார்பன் இழை, பசை, பதினாறு திருகு.
சரி, சொல்லாவது உங்களுடையதாயிற்றே, என்று
தேநீர்க் குடுவையைத் திறக்கிறான்.

பின்விளிம்பிலிருந்து முப்பது விழுக்காட்டில்
இரு சுட்டுவிரல் கொடுத்துத் தூக்கினால்
மூக்கு தாழ்கிறது.
பாட்டரிகளை ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளுகிறேன்.
இப்போது தராசு முள்.
வாரம் ஆறு நாளும் ஷார்ஜாவில் எனக்கு இதே வேலை:
லிஃப்ட் கூண்டு, அதற்கு எதிர் எடை.
ஏறுகிறவர் வயிற்றில் ஒன்றும் தெரியக் கூடாது.
தெரிந்தால் புகார் வரும்.

வயிற்றில் தெரிவதற்காகத்தான் இங்கே வருகிறேன்.

கைக்கருவியை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா? நிற்கிறது.
குளிர்நீர்த் துளை பீய்ச்சுகிறதா? பீய்ச்சுகிறது.
ஆனால் இரண்டு வயிறும் நீரில் ஒட்டிக்கொண்டு
ஈரச் சாக்கை இழுப்பது போல ஒரு போக்கு.
எழுபத்தொன்று, என்கிறது ஜிபிஎஸ்.
லூஸ் பண்ணு மக்கா, என்கிறான் ஸ்டெர்வின்.
குளச்சல்காரன். நீந்தத் தெரியாது,
அதை மொனிருலிடம் சொல்லக் கூடாது.

விசிறித் தண்டின் வாலை அரை டிகிரி உயர்த்துகிறேன்.
அரை டிகிரி என்பது
ஆலன் சாவியோடு மூச்சைப் பிடித்திருக்கிற நேரம்.
எண்பத்து நாலு.
முன்புறம் எழுந்துவிட்டது. நீரைத் தொடுவது
பின்னால் இரண்டு உள்ளங்கை அகலம்.
நடுவிலுள்ள குகைக்குள் காற்று புகுந்து தூக்குகிறது.
இன்னும் அரை, என்கிறான்.
போதும் என்று தெரியும். போதும் என்று நிறுத்துகிறவன்
விடுமுறை நாளில் நாலு மணிக்கு அலாரம் வைக்கமாட்டான்.

தொண்ணூற்றேழில்
மீனுக்குப் போன யாரோ விட்டுச்சென்ற
ஒரு மிச்ச அலை.
மூக்கு அதை முகர்ந்தது.
பிறகு தண்ணீரில் படகு இல்லை.
வானத்தில் ஒன்றரைச் சுற்று.
விரலை எடுத்தேன், எப்போது என்று தெரியாது.
விழுந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு,
பேசாமல் கிடந்தது.

அப்போதுதான் காற்றும் வந்தது,
அழைத்த விருந்தாளி போல நேரத்துக்கு.
படகு அலையாத்திப் பக்கம் நகர்கிறது, அவசரமின்றி.
மொனிருல் தூண்டில் நரம்பில் டென்னிஸ் பந்தைக் கட்டி
வீசினான், குறை.
வீசினான், மிகை.
மூன்றாவது, சுக்கானைச் சுற்றிக்கொண்டது.
மூவரும் இழுத்தோம்,
மூன்று கிலோவுக்கு மூன்று பேர்.

மூடியின் டேப் தாங்கியிருக்கிறது.
உள்ளே ஒரு தேக்கரண்டி கடல்.
ஜிபிஎஸ் மட்டும் போய்விட்டது.
எந்த நண்டு எத்தனை வேகம் என்று
இனி அடியில் கணக்கு இருக்கும்.

கால் டிகிரி இறக்கினேன். யாரும் சொல்லவில்லை.
இரண்டு வீச்சுக்கு நடுவே காற்று ஓய்ந்தபோது
ஒரே ஒரு ஓட்டம்.
கூடாரத்தின் ஜிப்பை
ஒரே இழுப்பில் இழுத்த ஓசை.
நேராகப் போனது. வலப்பக்கம் இழுக்கவில்லை.
எவ்வளவு? என்றான் மொனிருல்.
நூற்று நாலு, என்றான் ஸ்டெர்வின்.
நூறுகூட இருக்காது, என்றேன்.
நோட்டில் தேதி, காற்று, பாட்டரி, கோணம்.
வேகத்தின் கட்டம் காலி.

உப்புப் போக இரண்டு பாட்டில் நல்ல தண்ணீர்.
வளைதண்டை உருவித் துடைத்து
நீலக் கிரீஸ் தடவினேன்.
மறுநாள் ரோலா பக்கம் ஒரு கட்டடத்தில்
ஒன்பதாம் மாடிப் பொத்தானின் மேல்
நீலமாக ஒரு கட்டைவிரல்.
புகார் ஏதும் வரவில்லை.