சுவர் மெலிந்த இடம்

இரவு இரண்டரைக்கு
மேல்வீட்டில் துணி துவைக்கிறார்கள் என்று
நகர மன்றத்துக்கு மூன்று கடிதம் போட்டேன்.
மூன்றாவதில் கொஞ்சம் காரம்.

ஈசூனில் பதினோராம் மாடி.
எனக்கு மேலே சியோக் எங்,
தனிக்கட்டை, ஒரு பூனை.
கதவைத் திறந்து காட்டினார்:
சலவை இயந்திரத்தின் மேல்
காய்ந்த ஆரஞ்சுத் தோல், பழைய தினசரிகள்,
செருகாத பிளக்.
"கையால்தான் துவைக்கிறேன். பகலில்."
பூனை பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது.

என் பிழைப்பே ஓசையை அளப்பதுதான்.
கட்டுமானத் தள வேலியோரம்
ஒலிமானியை முக்காலியில் நிறுத்தி
வரம்பு தாண்டினால் எழுதிவைப்பவள்.
அதைப் படுக்கையறைக்குக் கொண்டுவந்தேன்.
விசிறியை அணைத்தேன்.
குளிர்பெட்டியை இழுத்து பிளக்கைப் பிடுங்கினேன்.
திரையில் எண் ஏறவில்லை.
வலக்காதில் மட்டும்
ஊஷ்... ஊஷ்... ஊஷ்...
ஈரத் துணியை யாரோ
விடாமல் அலசுகிறார்கள்.

"கருவி பொய் சொல்லாதே" என்றார் வேதமுத்து,
போர்வைக்குள்ளிருந்து.

பிறகொரு நாள் மின்தூக்கி பழுது.
பதினோரு மாடி ஏறி நின்றபோது
அலசுகிறவளும் வேகமெடுத்தாள்.
மணிக்கட்டில் விரல் வைத்தேன்.
ஒன்றுக்கு ஒன்று.
நூற்றுப் பதினெட்டு.
படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பலதுறை மருந்தகத்தில்
"காதிரைச்சல், பழகிக்கொள்ளுங்கள்" என்றார்கள்.
பழகினேன், எட்டு மாதம்.
தலையை வலப்புறம் திருப்பினால் குறையும் என்பதால்
பக்கத்தில் எவரிடமோ
வழி கேட்கிறவள் போலவே நடந்தேன்.

நொவீனாவில்தான் டாக்டர் ருக்சானா
"அதைத் தட்டிக் காட்டுங்கள்" என்றார்.
மேசையில் தட்டினேன்.
அவர் விரல் என் நாடியில்.
தட்டத் தட்டத் தலையசைத்தார்.
பிறகு காதுக்குப் பின்னால்
ஸ்டெதாஸ்கோப்பின் குளிர்ந்த வட்டம்.
"மூச்சை நிறுத்துங்கள்."

வெளியே எவருடைய வரிசை எண்ணோ அழைத்தது.
அவர் கண் மூடியிருந்தார்.

"எனக்கும் கேட்கிறது."

என் தொழிலில்
இரண்டாவது சாட்சி இல்லாமல்
எந்தப் புகாரும் நிற்காது.
மேசையிலிருந்த டிஷ்யூ பெட்டியை
என் பக்கம் நகர்த்தினார்.

அடுத்து கழுத்தில், தாடைக்குக் கீழே,
மாம்பழம் பழுத்ததா என்று பார்க்கிற அழுத்தம்.
நின்றது.
அந்த இடைவெளிக்குள் அறை வந்து புகுந்தது:
சுவர்க் கடிகாரம், அவர் வளையல்,
நான் எச்சில் விழுங்குவது.
கையை எடுத்தார். மறுபடி அலசல்.

"இவ்வளவு லேசாகத் தொட்டாலே அடங்குகிறது.
தமனியாக இருக்காது, பெரும்பாலும் சிரை.
ஆனால் ஊகத்தோடு அனுப்ப மாட்டேன்.
தமனி நேரே சிரைக்குள் கொட்டுகிற
கள்ள இணைப்பு ஒன்று உண்டு.
அது இல்லை என்று தெரியணும்."

எம்ஆர்ஐ குழாய்க்குள் அசல் கட்டுமானத் தளம்.
கருவி கையிலிருந்தால் அபராதம் எழுதியிருப்பேன்.
சிடி அறையில் சாயம் ஏறியபோது
அடிவயிற்றில் வெந்நீர் பரவியது.

கள்ள இணைப்பு இல்லை. கட்டி இல்லை.
சிரை எங்கும் சுருங்கவில்லை.
காதின் பின்னெலும்பில்
அரிசிமணி அளவு ஓர் ஓட்டை.
மூளையிலிருந்து இறங்கும் பெருஞ்சிரை
அதன் வழியே சிறு பைபோல் எட்டிப் பார்க்கிறது.
"எலும்பு தேய்ந்துவிட்டது.
அது ஓடுவது உங்களுக்குக் கேட்கிறது."

ஆக, அண்டை வீடுதான்.
சுவர்தான் மெல்லிசு.
புகாரில் முகவரி மட்டும் தவறு.

சுவரைப் பூசிவிடலாமாம், அறுவையில்.
பூசாமலும் இருக்கலாமாம்.
ஆபத்தில்லை என்று தெரிந்த அன்றிரவு
அலசல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது,
அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒரு பொமெலோவோடு
மாடியேறி மன்னிப்புக் கேட்டேன்.
சியோக் எங் பழத்தை வாங்கி
எடை பார்த்தார்.
"பரவாயில்லை. நானும் அந்நேரம் விழித்திருப்பேன்.
ஒன்று கேட்கணும் என்றிருந்தேன்:
இரவில் உன் வீட்டில் யார்
குளிர்பெட்டியை இழுத்து இழுத்துப் போடுவது?"